தீவு மிருகத்தின் எலும்பைத் தேய்த்த நாட்கள்

என் வீட்டுக்காரர் அந்த எலும்பை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அது ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றி இருந்தது. நான் முற்றத்தில் சாணைக்கல்லின் முன்னால் உட்கார்ந்து, ஒரு வக்கீலின் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் ஓரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் டப்பாவை என் பக்கத்தில் வைத்துவிட்டுக் குத்தவைத்து உட்கார்ந்தார்.

“இத வெங்காயத் தோல் மாதிரி மெலிசாத் தேய்க்க முடியுமா? பாத்துச் சொல்லு. முடியாதுன்னா நாளைக்கே திருப்பிக் கொடுத்துர்றேன்.”

பஞ்சை விலக்கினேன். கருப்பட்டி நிறத்தில், என் உள்ளங்கையில் பாதி அளவுக்கு ஒரு துண்டு. ஒரு பக்கம் வழவழவென்று உருண்டிருந்தது. உடைந்த பக்கத்தில் ஊசி முனை அளவுக்குக் கணக்கில்லாத ஓட்டைகள். அளவுக்கு மீறிக் கனத்தது.

“என்னங்க இது, கல்லா?”

“எலும்பு. கல்லாப் போன எலும்பு.”

அடுப்படியிலிருந்து என் மாமியார் எட்டிப் பார்த்தார். “என்ன மிருகத்தோட எலும்புன்னு தெரியாம வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியா?”

“மனுஷன் பொறக்கிறதுக்கு முந்தியே செத்துப்போனதும்மா இது.”

“அப்ப அத அறுத்தது யாரு?” என்று மாமி கேட்டார். ஹலாலாக அறுத்ததா என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டியிருந்தது. எலும்பு அடுப்படிப் பக்கம் வரக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

முப்பதுகளின் நடுவில், ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் நடந்தது இது. மதுரை தெற்கு மாசி வீதியில் எங்களுக்கு ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருந்தது. வீடு அதற்குப் பின்னால், பள்ளிவாசல் சந்தில். எனக்குக் கல்யாணமான இரண்டாம் வருஷம் ஒரு மாட்டுவண்டிச் சக்கரம் ஏறி என் வீட்டுக்காரரின் வலது கை விரல்கள் மூன்று மடங்காமல் போயின. லென்ஸ் தேய்க்க ஆள் வைத்துப் பார்த்தார், சரிப்படவில்லை. ஒரு நாள் மத்தியானம் நானே கல்லின் முன்னால் உட்கார்ந்தேன். அவர் வாயால் சொல்ல, என் கை செய்தது. ஆறு மாதத்தில் அவர் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் போனது. கடைக்கு வந்தவர்களோ, வேலை எல்லாம் அவருடையது என்றே நினைத்திருந்தார்கள். அதைத் திருத்த வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

என்னைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். எலும்பு வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. உயரம் நாலடிக்கும் குறைவு. பத்து வயதில் நின்றுபோன வளர்த்தி. என்னைப் பெற்ற அத்தா கூட்டிக்கொண்டு போகாத ஹக்கீம் இல்லை, டாக்டர் இல்லை. திருப்பரங்குன்றத்துக்கு ரயிலில் போனால் டிக்கெட் பார்க்கிறவர் எனக்கு ஏன் அரை டிக்கெட் எடுக்கவில்லை என்று என் வீட்டுக்காரரைக் கேட்பார். வளையல்காரர் “பாப்பா, வீட்டுல அம்மா இருக்காகளா?” என்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் ஒருவர், “வளரட்டும், அப்புறம் பாப்போம்” என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போது எனக்குப் பத்தொன்பது. இவர் மட்டும்தான் என்னை நிமிர்ந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, அத்தாவிடம் தேதி கேட்டார்.

கல்யாணமாகி ஏழு வருஷமாகியும் பிள்ளை இல்லை. மாமி கெட்டவர் இல்லை. ஆனால் உறவுக்காரப் பெண்கள் வந்து உட்கார்ந்தால், “அதுவே இன்னும் பிள்ளையாத்தான இருக்கு, அதுக்கு எங்கிருந்து பிள்ளை?” என்று அவர் வாயில் வந்துவிடும். நான் காபி ஆற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன்.

எலும்பைக் கொடுத்தவர் நகரத்துக் கல்லூரி ஒன்றில் மண்ணும் கல்லும் பற்றிப் பாடம் சொல்கிற வாத்தியார். மேற்கே, நாகமலைக்கு அந்தப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மெட்ராஸில் படித்துவிட்டு வந்தும் ஊர்ப் பேச்சை விடாதவர். எங்களிடம்தான் கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தார். லென்ஸ் ஓரத்தைத் தடவிப் பார்த்து, “பாய், இம்புட்டு நேர்த்தியாத் தேய்க்கிற கை எலும்பையும் தேய்க்கும்ல?” என்று கேட்டிருக்கிறார்.

அவர் சொன்ன கதையை என் வீட்டுக்காரர் அன்று முற்றத்தில் உட்கார்ந்து எனக்குச் சொன்னார். ஐரோப்பாவில் மலைநாடாக இருக்கிற ஓர் இடம் ஒரு காலத்தில் கடல் நடுவே தீவாக இருந்ததாம். அங்கே டைனோசர் என்கிற மிருகங்களின் எலும்புகள் கிடைக்கின்றனவாம். மற்ற தேசங்களில் அந்த வம்சத்து மிருகம் நாலைந்து யானை சேர்ந்தாற்போல் இருக்க, தீவில் கிடைத்ததோ உழவு மாட்டு அளவுதானாம். அங்கே ஓர் அறிஞர், தீவில் இடமும் தீனியும் குறைவு என்பதால் அந்த வம்சமே தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போனது என்கிறார். மற்றவர்கள், இது பெரிய மிருகத்தின் குட்டி, அவ்வளவுதான் என்கிறார்கள். வாத்தியார் அந்த அறிஞருக்குக் கடிதம் எழுதி எழுதி, கடைசியில் தொடை எலும்பில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிவிட்டார். அதை வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்குத் தேய்த்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், குட்டியா வளர்ந்ததா என்று எலும்பே சொல்லிவிடுமாம்.

“எலும்பு எப்படிங்க சொல்லும்?”

“அது எனக்கு வெளங்கல. வாத்தியாருக்கு வெளங்குது. நீ தேய்ப்பியா, அதச் சொல்லு.”

தேய்ப்பேன் என்றேன். இதிலேயே ஒரு பகுதியை வாத்தியார் ஏற்கெனவே கல்கத்தாவுக்குத் தேய்க்க அனுப்பி, அது பொடியாகித் திரும்பி வந்தது என்பதை என் வீட்டுக்காரர் மறுநாள்தான் சொன்னார்.

மூங்கில் வில்லில் மெல்லிய கம்பி கட்டி, சாணை பிடிக்கிற குருந்தக்கல் தூளும் தண்ணீரும் விட்டு அறுத்து, துண்டிலிருந்து இரண்டு வில்லைகள் எடுத்தேன். அதற்கே ஐந்து நாள் ஆனது. ஒரு வில்லையின் ஒரு முகத்தை மட்டமாக்கி, வாத்தியார் கொடுத்த பிசினால் ஒரு சிறு கண்ணாடித் தகட்டில் ஒட்டினேன். தேன் மாதிரி இருக்கும் அந்தப் பிசின், ஏதோ குளிர்தேசத்து மரத்துடையதாம். பிறகு மறுமுகத்தைக் கண்ணாடித் தட்டில் வைத்து, தூளை நைசாக்கிக்கொண்டே போய், வட்டம் வட்டமாகத் தேய்க்க வேண்டும். லென்ஸுக்கு அழுத்தம் கொடுப்பதுபோல இதற்குக் கொடுக்கக் கூடாது என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது. விரல் நுனியின் கனம் போதும்.

மூன்றாம் நாள் மத்தியானம், இன்னும் கொஞ்சம்தான் என்று இருக்கும்போது, வில்லையின் நடுவில் ஒரு துளி ஈரம் இறங்கியது. அடுத்த வட்டத்தில் அது ஈரமான பொரிமாவுபோல உதிர்ந்து தட்டெல்லாம் பரவியது. கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோடி வருஷம் முழுசாக இருந்ததை நான் மூன்று நாளில் அழித்துவிட்டேன் என்று அழுகை வந்தது.

அவர் கடையை மூடிவிட்டு நேரே வாத்தியாரிடம் போய்ச் சொன்னார். திட்டு வாங்கிக்கொண்டு வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் சிரித்தார்.

“என்ன சொன்னாரு?”

“‘போகட்டும் பாய். இன்னொண்ணு இருக்குல்ல? அம்புட்டுத் தூரம் யாரும் கொண்டுபோனதே இல்ல’ன்னாரு. வேற ஒண்ணும் சொல்லல.”

அந்தப் பதிலுக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன். அவர் முகம் சுளித்திருந்தால் நான் இரண்டாவது வில்லையைத் தொட்டே இருக்கமாட்டேன்.

தொடாமல்தான் இரண்டு நாள் வைத்திருந்தேன். வழி காட்டியவர் மாமி. எலும்பின் பக்கமே வரமாட்டேன் என்றவர், ஓட்டைகளைப் பிசினால் நிரப்பினால் உதிராதே என்று நான் மிச்ச எலும்பின் மேல் அதைத் தடவித் தடவிப் பார்ப்பதைத் தூரத்திலிருந்து கவனித்திருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் கடலை வறுத்துக்கொண்டே கேட்டார்:

“அந்த ஓட்டைக்குள்ள எல்லாம் ஈரம் இருக்கும்ல? ஈரத்த எடுக்காம பிசின ஊத்துனா எப்படி உள்ள போகும்?”

“எப்படி மாமி எடுக்க? அடுப்புல காட்டுனா வெடிச்சிரும்.”

“அடுப்புல ஏன் காட்டுற? இந்தா, மணல் சூடா இருக்கு. எறக்கி வச்சுத் தாரேன். அதுக்குள்ள புதைச்சு வை. கடலை வேணும்னா வேற மணல்ல வறுத்துக்கிறேன்.”

வில்லையைத் துணியில் சுற்றிச் சூட்டு மணலில் ஒரு நாள் முழுக்கப் புதைத்து வைத்தேன். பிறகு பிசினை இளஞ்சூட்டில் இளக்கி அதில் போட்டபோது, எலும்பிலிருந்து குட்டிக் குட்டிக் குமிழிகள் கிளம்பி வந்தன. ஓட்டைக்குள் இருந்த காற்று வெளியேறி, பிசின் உள்ளே போகிறது. மாமியும் குனிந்து பார்த்தார். “மூச்சு விடுது பாரு” என்றார். ஹராமா ஹலாலா என்கிற பேச்சு அதன்பிறகு எழவில்லை.

இந்த முறை அவசரப்படவில்லை. காலை வெளிச்சம் முற்றத்தில் விழுகிற நேரத்தில் மட்டும் உட்காருவேன். கோழி குறுக்கே வராமல் மாமி முறத்தை வைத்துக்கொண்டு காவல் இருப்பார். ஒரு வாரத்தில் வில்லையின் ஊடே பகல் தெரிந்தது. இன்னும் ஒரு வாரத்தில், அடியில் பத்திரிகையை வைத்தால் எழுத்துத் தெரிந்தது. அதற்குப் பிறகும் நாலு நாள். கடைசியில் கண்ணாடியின் மேல் தேநீர்க் கறை ஒன்று படிந்திருப்பதுபோல இருந்தது. அதற்கு மேல் மெல்லிய கண்ணாடி ஒன்றை ஒட்டி மூடினேன்.

என் வீட்டுக்காரர் அதைக் கடைக்கு எடுத்துப்போனார். அங்கே நடந்ததை அவர் சொல்லவில்லை. பின்னால் வாத்தியார்தான் சொன்னார். வாத்தியார் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “பாய், உங்க கைக்குத் தங்க மோதிரம் போடணும்” என்றாராம். இவர் உடனே, “என் கை இல்லிங்க. இந்த விரலப் பாருங்க, மடங்காது. எல்லாம் என் வீட்டுல செஞ்சது. கண்ணாடியும் அவுகதான் தேய்க்கிறாக” என்றாராம். கடையில் அப்போது இரண்டு வாடிக்கைக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். சும்மா இருந்திருந்தால் அந்தப் புகழ் அவருடையதாகவே இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வாசலில் ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. மைக்ராஸ்கோப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாத்தியார் இறங்கினார். “தேய்ச்சவுக பாக்காம நான் மட்டும் பாத்தா நல்லா இருக்காது பாய்” என்றார். முன்னறையில் ஜன்னல் ஓரம் பெட்டியைத் திறந்து வைத்தார்கள். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு போனேன். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு கணம் அந்த வழக்கமான குழப்பம் வந்தது. இது மகளா, மனைவியா என்கிற குழப்பம். சட்டென்று எழுந்து கும்பிட்டார்.

“வாங்க தாயி. பாருங்க.”

ஒரு கண்ணை மூடி மறு கண்ணை வைத்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. பிறகு பழுப்பும் மஞ்சளுமாக ஒரு தரை. வட்டம் வட்டமாக, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்ததுபோல. ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஓர் ஓட்டை. ஒரு வட்டம் இன்னொன்றைக் கடித்துக்கொண்டு, அதை மூன்றாவது கடித்துக்கொண்டு கிடந்தன. நான் ஒரு மாதம் விரல் நுனியில் வைத்திருந்ததற்குள் இவ்வளவு இருந்ததா என்று இன்னும் நெருக்கமாகக் கண்ணை வைத்தேன்.

வாத்தியார் பக்கத்தில் நின்று சொன்னார். “நடுவுல இருக்கிற ஓட்டை, ரத்தம் ஓடுன வழி. குட்டியா இருந்தா வேகமா வளரும். அப்ப எலும்பு அவசர அவசரமாப் பின்னுன கூடை மாதிரி இருக்கும், ஓட்டையெல்லாம் பெருசாக் கிடக்கும். இங்க பாருங்க, பழைய எலும்பத் தின்னுட்டுப் புது எலும்பு கட்டிருக்கு, அதத் தின்னுட்டு மறுபடியும் கட்டிருக்கு. இது நடக்கறதுக்கு வயசு ஆகணும். இப்ப ஓரத்துக்கு வாங்க.”

அவர் கண்ணாடியை ஒரு மயிரிழை நகர்த்தினார். எலும்பின் வெளி ஓரம் வந்தது. மரத்தை அறுத்தால் தெரிகிற வளையங்கள்போலக் கோடுகள். உள்ளே இருந்த கோடுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தது. ஓரத்துக்கு வர வர அவை நெருங்கி, கடைசியில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன.

“வளர்த்தி கொறைஞ்சு கொறைஞ்சு நின்னு போச்சு. அதுதான் அந்தக் கோடு. இது குட்டி இல்ல தாயி. வளர்ந்து முடிஞ்ச மிருகம். அதோட முழு அளவே இம்புட்டுத்தான்.”

நான் கண்ணை எடுக்காமலே கேட்டேன். “நோய் வந்து நின்னு போச்சோ?”

என் குரலில் என்ன இருந்ததோ, அவர் என்னை விலகச் சொல்லிவிட்டுத் தானே மறுபடி குனிந்து, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நிதானமாகப் பார்த்தார். ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும்.

“நோய்ப்பட்ட எலும்பு தாறுமாறா இருக்கும். இதுல அப்படி எதுவும் எனக்குத் தெரியல. ஒரு எலும்ப வச்சு ஒரு ஊரே இப்படித்தான்னு நான் சொல்லமாட்டேன். ஆனா இந்த மிருகம் நல்லா இருந்த மிருகம். தின்னு, நடந்து, தன் வயச வாழ்ந்துட்டுத்தான் போயிருக்கு.”

பிறகு கொஞ்சம் தயங்கி, “மனுஷருக்கு உயரம் நிக்கிறது வேற சமாச்சாரம் தாயி. அது டாக்டருகளுக்குத்தான் தெரியும். நான் கல்லு படிச்சவன்” என்றார். அந்த நேர்மையும் எனக்குப் பிடித்தது. நானும் அந்த மிருகமும் ஒன்று என்று நான் நினைக்கவில்லை. என் காரணம் வேறு, அதன் காரணம் வேறு. ஆனால் பதினாறு வருஷமாக எல்லோரும் என்னைப் பார்த்து ‘இன்னும் வளரவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வளர்ந்து முடிந்த பிறகும் ஒன்று சிறிதாக இருக்கலாம் என்று ஒரு படித்த மனிதர் என் வீட்டு முன்னறையில் நின்று சொன்னதை நான் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த மாமியும் பார்க்க வேண்டும் என்றார். பார்த்துவிட்டு, “வெத்தலையில நரம்பு ஓடுற மாதிரி இருக்கு” என்றார்.  அவர் என்னிடம் வந்து மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஆனால் அடுத்த தடவை உறவுக்காரப் பெண்கள் வந்து அந்தப் பழைய பேச்சை எடுத்தபோது, “அவளுக்கு இருபத்தாறு முடிஞ்சு போச்சு. பெரிய பொம்பளையப் பத்தி அப்படிப் பேசாதீக” என்றார். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை; எந்த எலும்பும் அதை மாற்றிவிடாது. என் வீட்டுக்காரர் இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளவும் இல்லை.

வாத்தியார் அந்த வில்லையை ஐரோப்பாவுக்கு அனுப்பும் முன் ஒரு தடவை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தேய்த்தவர் பெயரைக் கண்ணாடி ஓரத்தில் எழுதுவது வழக்கமாம். நான் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணாடி அறுக்கிற வைர ஊசியை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு விட்ட எழுத்தில், தமிழில், என் பெயரையும் ‘மதுரை’ என்பதையும் கீறினேன். துணை எழுத்து ஒன்று கோணலாகிவிட்டது. “இருக்கட்டும், அங்க யாருக்குத் தமிழ் தெரியப்போகுது” என்று மூன்று பேரும் சிரித்தோம்.

நாலு மாதம் கழித்து அந்த அறிஞரிடமிருந்து பதில் வந்தது. வாத்தியார் அதைக் கடையில் வைத்தே தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாராம். எலும்பு வளர்ந்து முடிந்த மிருகத்துடையதுதான் என்று அவரும் எழுதியிருந்தார். கீழே ஒரு கேள்வி: உதிர்ந்துபோகிற எலும்பை அந்த அம்மையார் எப்படி உதிராமல் பிடித்தார்? என் வீட்டுக்காரர் அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரம்வரைகூடக் காத்திராமல் வேகமாக வந்து என்னிடம் கேள்வியைச் சொன்னார். நான் சொல்லச் சொல்ல அவர் இடது கையால் எழுதிக்கொண்டார். மணலை எவ்வளவு சூடாக்க வேண்டும் என்பதை மட்டும் மாமிதான் சொல்ல வேண்டும் என்றேன். மாமி, “கடலை வெடிக்கக் கூடாது, தோல் மட்டும் கழறணும், அந்தச் சூடுன்னு எழுது” என்றார். அப்படியே எழுதினோம். வாத்தியார் அதை இங்கிலீஷில் எப்படி மாற்றினாரோ தெரியாது.

சண்டை வந்ததும் சீமையிலிருந்து லென்ஸ் வருவது குறைந்து, பிறகு நின்றேவிட்டது. கடையில் ஈ ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் வாத்தியார் வந்து, கல்லூரியில் கல்லும் எலும்பும் தேய்க்க ஒரு நிரந்தர ஆள் வேண்டும் என்று மேலே பேசி வாங்கிவிட்டதாகச் சொன்னார். கல்லான எலும்புகள் கிடைக்கிற அரியலூர்ப் பக்கத்திலிருந்து பெட்டி பெட்டியாகக் கற்கள் வந்து கிடந்தன. வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன். மாமி, “என்னையக் கேட்டா? போயிட்டு வெளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரு” என்றார்.

முதல் நாள் என் வீட்டுக்காரரே என்னை ஜட்காவில் கொண்டுபோய் விட்டார். வடக்குப் பக்கம் பெரிய ஜன்னல் வைத்த ஓர் அறை. அங்கே ஒரு மேஜையும் நாற்காலியும் போட்டிருந்தார்கள். எங்கே போனாலும் எனக்கு ஒரு பெட்டியோ பலகையோ கொண்டுவந்து போட்டு, ஏறி நிற்கச் சொல்வார்கள். அது எனக்குப் பழக்கம். இங்கே பெட்டி எதுவும் காணோம். எப்படி எட்டும் என்று யோசித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தேன். என் இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிந்தன. முழங்கை மேஜை மேல் சரியாக வந்து நின்றது. குனிந்து பார்த்தேன். மேஜைக்கும் நாற்காலிக்கும் கால்களை அறுத்திருந்தார்கள். அறுத்த இடத்தில் மரம் இன்னும் வெள்ளையாக இருந்தது.

வாத்தியார் வாசலில் நின்றார். “உசரம் சரியா இருக்கா தாயி? இல்லன்னா தச்சரக் கூப்பிடுறேன்.”

“சரியா இருக்குங்கய்யா” என்றேன்.  குருந்தக்கல் தூளைத் தட்டில் கொட்டி, தண்ணீர் விட்டு, முதல் கல்லை எடுத்தேன்.